மூச்சைப் பிடிங்க

ஒரு நாளைக்கு ஒரு படம். நூறு நாள்.
அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாம்,
நேற்றையதை இன்று எடுக்கக் கூடாது.
விதிகளை நானே எழுதி
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

முதல் நாள் காட்பாடி பாலத்தில் சூரியன்.
படத்தில் வெள்ளையாய் ஓர் ஓட்டை.
இரண்டாம் நாளும் அதே ஓட்டை,
கொஞ்சம் இடப்பக்கம்.

பதினேழு வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறேன்.
மெலிந்தவருக்கு எவ்வளவு, பருத்தவருக்கு எவ்வளவு
கை தானாகத் திருப்பும்.
ஆனால் அங்கே வெளிச்சம் நான் அனுப்புவது.
இங்கே அது பாட்டுக்கு வருகிறது,
சத்துவாச்சாரியில் தண்ணீர் லாரி மாதிரி
ஆள் இல்லாதபோது நிறைய,
குடத்தோடு நின்றால் இல்லை.

ஒன்பதாம் நாள் அப்பர்ச்சர் புரிந்தது.
எண் சின்னதானால் துளை பெரிசு,
யார் வைத்த கணக்கோ.
நேதாஜி மார்க்கெட்டில் முள்ளுக் கத்தரிக்காய்:
காம்பில் ஒரே ஒரு முள் கூர்மை,
மற்றதெல்லாம் மூட்டம்.
கடைக்காரர் திரையை எட்டிப் பார்த்து
"காய் எங்கம்மா?" என்றார்.
எஃப் பதினொன்றுக்கு ஏற்றினேன்.
காய் வந்தது, தராசு வந்தது,
பின்னால் மூக்கு நோண்டிய பையனும் வந்தான்.
படம் பிடித்தவள் வாங்காமல் போகக் கூடாதாம்.
அரைக் கிலோ.

இருபத்திரண்டு: கோட்டை அகழி, மாலை ஆறரை.
ஒரு நொடி ஷட்டர். ஸ்டாண்ட் கிடையாது.
கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி
தினமும் எண்பது பேருக்குச் சொல்வதை
எனக்கே சொல்லிக்கொண்டேன்:
மூச்சை இழுங்க. பிடிங்க. அசையாதீங்க.
தண்ணீர் ஆறிய பாலாய் ஏடு கட்டியிருந்தது.
"விடுங்க" என்று சொல்ல யாரும் இல்லாததால்
இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன்.

முப்பத்தைந்து: இரட்டை ஷிப்ட்.
பதினொன்றே முக்காலுக்கு ஞாபகம் வந்து
சமையலறை பல்பு. ஐ.எஸ்.ஓ. ஆறாயிரத்து நானூறு.
சுவரெல்லாம் ரவை.

"என்ன எப்சி, எல்லாம் சாமானா இருக்கு?
மனுஷங்களே இல்லையா ஊர்ல?" என்றாள் தில்ஷாத்.
நாளெல்லாம் மனுஷங்கதான்டி,
உள்பக்கம்.
போன மாசத்து விலா எலும்பைக் காட்டு,
யாருடையது என்று சொல்கிறேன்.
முகத்தைக் கேட்காதே.

நாற்பத்தெட்டு.
லாட்ஜ் சந்து, வங்காளி எழுத்துப் பலகைகளின் கீழே
படியில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தவர்
திடீரென உறையிலிருந்து ஃபிலிமை உருவி
வெயிலுக்கு நேரே உயர்த்திப் பிடித்தார்.
ஊர் டாக்டரிடம் காட்ட வேண்டுமென்று
காலையில் கேட்டு வாங்கியவர்.
வானத்துக்கு அளந்தால் எலும்பு எரிகிறது,
முகம் கரி.
முகத்துக்கு அளந்தால் முகம் வருகிறது,
கையில் வெறும் வெள்ளைத் தாள்.
இரண்டும் சேர்ந்து கிடைக்காது.
வலப்பக்கம் கீழே அந்த வெண்திட்டு
என்னவென்று எனக்குத் தெரியும்.
அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

"தீதி," என்றார், அடையாளம் கண்டு,
பாருங்கள் என்று ஃபிலிமை நீட்டினார்.
"டாக்டர் சொல்வார்."
அடுத்து பொரியை நீட்டினார்.
ஒரு பிடி எடுத்துக்கொண்டேன். கடுகெண்ணெய் வாசனை.

அன்றைய படம்:
லென்ஸ் மூடியை மாட்டி ஒரு கிளிக்.
விதியில் கறுப்பு கூடாதென்று எழுதவில்லை.

நாற்பத்தொன்பது: பாகாயம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்.
முப்பதில் ஒரு பங்கு நொடி,
பஸ்ஸோடு இடுப்பையும் திருப்ப வேண்டும்.
பதினொரு பஸ் வீண்.
டீக்கடைக்காரர் நான் போலீஸ் என்று நினைத்துவிட்டார்.
பன்னிரண்டாவதில்
ஊரெல்லாம் கோடாய் இழுபட
சன்னலோரம் ஒருத்தி மட்டும் அப்படியே,
கொட்டாவியை அடக்கும் வாய்,
நெற்றியில் ஒட்டிய முடி.

யாரென்று தெரியாது.
எலும்பு எப்படியோ, அதுவும் தெரியாது.
பெரிதாக்கி, பெரிதாக்கி
கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்
சாப்பாடு ஆறும்வரை.